உப்பரசின் மூன்றாம் பாகம் வந்தபோது

பகுப்பு எண் போடுவதைப் பற்றியோ புத்தகங்களை அடுக்குவதைப் பற்றியோ நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். மறந்தால் பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் நிலை நூலகராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் தவித்த சில நாட்களைப் பற்றி.

என் முதல் வேலை சிதம்பரத்தில். அங்கே எனக்கு மேலே இருந்த நூலகர் அதிகம் பேசாதவர். சேர்ந்த முதல் வாரத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வாசகர் கேட்டதக் குடும்மா. நீ நல்லதுன்னு நெனைக்கறத அவரு தலையில கட்டாத." இருபது வருடத்துக்கும் மேலாக அதை அப்படியே கடைப்பிடித்தேன். கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளை நூலகத்துக்கு மாற்றலாகி வந்த பிறகும் அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. ஏழுமலை என்ற வாசகரால் வந்தது.

ஏழுமலை மீனவக் குடும்பத்துக்காரர். ஆனால் கடலுக்குப் போகிறவர் இல்லை. படகு இஞ்சின் பழுது பார்க்கிற மெக்கானிக். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஃபேன்டசி நாவல்களைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அதிலும் புதிதாக வந்ததாக இருக்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்திலிருந்து புத்தகக் கட்டு வந்து இறங்கினால், எதிர் டீக்கடைக்காரர் சொல்லி அவருக்குத் தெரிந்துவிடும். வாசல் குழாயில் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"கட்டு பிரிச்சிட்டிங்களா மேடம்? மாயக் கதை எதுனா இருக்கா?"

ஒருமுறை கேட்டேன், வேறு எதுவும் படிக்க மாட்டீர்களா என்று. "மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்ச ஊரு கதை மேடம். தெரியாத ஊருக்குப் போயி, அங்க இன்னா சட்டம், யாரு ராஜா, எது செய்யலாம் எது செய்யக்கூடாதுன்னு கண்டுபிடிக்கணும். அதுல ஒரு ருசி இருக்கு" என்றார்.

2004ஆம் வருடத் தொடக்கத்தில் 'உப்பரசு' என்ற நாவலின் முதல் பாகம் வந்தது. கடலோரம் ஒரு கற்பனை ராஜ்ஜியம். அந்த நாட்டுக் கடலிடம் எதைக் கேட்டாலும் கொடுக்கும். ஆனால் கொடுத்ததற்கு ஈடாகக் கேட்டவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். மழை கேட்டவனுக்குக் குரல் போய்விடும். போரில் வெற்றி கேட்ட ராணிக்குத் தன் தாயின் முகம் மறந்துபோகும். ஏழுமலைக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துவிட்டது. "சும்மா மந்திரம் போட்டா ஆச்சுன்னு இல்ல பாருங்க. வாங்கினா குடுக்கணும். நியாயமான கடலு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவர் மனைவி தேவகிக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுவார். தேவகியின் தங்கை அஞ்சலை பக்கத்து வீடு; மீன் விற்கிறவர். அவரும் தன் ஆறு வயது மகள் பவானியை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாராம். அதே வருடம் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கதாநாயகி கயலியைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. புத்தகத்தைத் திருப்பித் தர வந்த ஏழுமலை, "என் வூட்டுக்காரி ரெண்டு நாளா எங்கிட்ட பேசல மேடம். என்னமோ நாந்தான் கயலியத் தள்ளிவுட்ட மாதிரி. மூணாம் பாகம் எப்ப வரும்?" என்று கேட்டார். "எழுதறவரு எழுதினாத்தான் வரும்" என்றேன்.

அந்த வருடக் கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று ஜனங்கள் எதிரே ஓடிவந்தார்கள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கரையில் மீன் ஏலத்துக்கு நின்றிருந்த தேவகியின் உடல் அன்று சாயங்காலம் கிடைத்தது. அஞ்சலையின் மகள் பவானி கிடைக்கவே இல்லை.

ஏழுமலை, அஞ்சலை போல வீடிழந்தவர்களைத் தார் ஷீட் கொட்டகைகள் போட்ட ஒரு தற்காலிகக் குடியிருப்பில் தங்கவைத்தார்கள். எங்கள் நூலகம் சில மாதம் நிவாரண அரிசி மூட்டைகள் வைக்கும் இடமாக இருந்தது. திரும்பத் திறந்த பிறகும் ஏழுமலை வரவில்லை. ஒரு வருடம் போல ஆகியிருக்கும். ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அவரே கேட்டார்: "மூணாம் பாகம் வந்துடுச்சா மேடம்?"

"இன்னும் இல்ல ஏழுமலை."

"வந்தா சொல்லுங்க." போய்விட்டார். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார்.

2006இல் அது வந்தது. எனக்கு வரலாறும் வாழ்க்கை வரலாறும்தான் பிடிக்கும். ஆனால் ஏழுமலை குறுக்குக் கேள்வி கேட்பார் என்பதால் உப்பரசை மட்டும் முன்கூட்டியே படித்துவைப்பது என் வழக்கம். இதையும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். கடைசி அத்தியாயத்தில் விடியும் நேரத்தில் கயலி கடலிலிருந்து நடந்து வருகிறாள். அவள் பின்னால், கடல் கொண்டுபோன ஊரார் எல்லோரும் ஈர உடையோடு கரை ஏறுகிறார்கள். கடல் யாரிடமும் எதையும் ஈடாக வாங்கவில்லை.

மறுநாள் என்னோடு வேலை செய்த அம்மாள், "வரலன்னு சொல்லி பீரோல வச்சிடுங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஏழுமலை வந்து, கையைக் கழுவிவிட்டு, உள்ளங்கைகளைக் காட்டியபோது பொய் சொல்ல முடியவில்லை.

"வந்திருக்கு. ஆனா இதுல கடல் ஊருக்குள்ள வருது ஏழுமலை. படிக்கிறதும் படிக்காததும் உங்க இஷ்டம்."

"கடலு எங்க வாசல்லயேதான் இருக்கு மேடம். பொஸ்தவத்துல வந்தா இன்னா?" என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தார். புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். முகம் கறுத்திருந்தது.

"ஏமாத்திட்டாரு மேடம். ரெண்டு பாகமா ஒரு சட்டம் வச்சிருக்காரு. குடுத்தா எடுக்கும்னு. அத நம்பித்தான இவ்ளோ தூரம் வந்தோம்? கடைசில செத்தவங்க எல்லாரும் சும்மா எழுந்து வந்துட்டாங்கன்னா இன்னா அர்த்தம்? இது கதையே இல்ல."

நான் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர் போகவில்லை. மேசை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"குடியிருப்புல எல்லாருக்கும் சத்தமாத்தான் படிச்சேன். தார் ஷீட்டு கொட்டாய்ல வேற இன்னா வேல? பொம்பளைங்க நெறைய பேரு வந்து குந்துவாங்க. இந்தக் கடைசி அத்தியாயத்த நான் மொதல்ல தனியா பாத்துட்டேன். படிக்கல. அவ்ளோதான் கதை, கயலி வரலன்னு சொல்லி மூடிட்டேன்."

"ஏன்?"

"அஞ்சல தெனமும் விடியகாலம் கடக்கரைக்குப் போறா மேடம். பொண்ணு உடம்பு கெடைக்கல இல்ல? வெளிச்சம் வர்ற வரைக்கும் தண்ணியப் பாத்துகினு நிக்கிறா. அவ புருசன் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போயிட்டான். நாந்தான் பின்னாடியே போயி கூட்டியாறேன். இதுல இன்னா எழுதியிருக்கு? விடியகாலத்துல தண்ணிலேர்ந்து நடந்து வர்றாங்கன்னு. இத அவ கேட்டா உள்ள எறங்கிடுவா. இந்தப் பொஸ்தவத்த யாருக்கும் குடுக்காதீங்க. ஒங்கள நம்பிக் கேக்கறேன்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு புத்தகத்தைப் புது வரவு அலமாரியில் வைக்காமல் என் இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாளே அஞ்சலை வந்தார். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். நூலகத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"லைப்ரரிம்மா, எங்க மாமா பொய் சொல்றாரு. கதை முடிஞ்சிடுச்சின்னாரு. பொஸ்தவத்துல இம்மாம் தாளு மீதி இருந்திச்சி. நான் பாத்தேன்." கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இடைவெளி விட்டுக் காட்டினார். "எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணு தெரியும். கயலி வந்தாளா வரலையா? அத மட்டும் சொல்லுங்க."

அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அழவில்லை. கோபமும் இல்லை. பதில் கிடைக்காமல் அங்கிருந்து நகர மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. படிக்கிற மேசைகளில் இருந்த நாலைந்து பேரும் பேப்பரைத் தாழ்த்தி எங்களையே பார்த்தார்கள்.

"இப்படி நின்னுகிட்டு சொல்ற விஷயம் இல்லம்மா. நாளைக்கு மறுநாள் நானே குடியிருப்புக்கு வர்றேன்."

"நிச்சயமா வருவீங்களா?"

"வருவேன்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். என்னை வேலைக்குப் பழக்கிய அந்த நூலகர் ஓய்வு பெற்று அங்கேதான் இருந்தார். முழுவதையும் கேட்டார். கேட்டதைக் கொடு என்றுதான் சொல்வார், அப்படிச் சொன்னால் என் பாரம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "அந்தப் பொண்ணுக்கு எது நல்லதுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எதச் செஞ்சாலும் சரி, கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்துகிட்டு செய்யாத. அவ்ளோதான் சொல்லுவேன்."

திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். புத்தகம் அச்சாகிவிட்டது. கடைகளில் இருக்கிறது. நான் இழுப்பறையில் பூட்டினாலும் என்றைக்காவது யாராவது ஒருவர் கயலி திரும்பி வந்த கதையை அஞ்சலையிடம் சொல்லத்தான் போகிறார்கள். அன்று அவர் தனியாக இருக்கக்கூடும். அதைவிட, கேட்க வேண்டியதைப் பத்துப் பேருக்கு நடுவில் கேட்கட்டும். ஏழுமலையின் பயமும் வெறும் பயம் இல்லை. அவர் தினமும் பின்னாலேயே போகிறவர். நான் பார்க்காததைப் பார்த்தவர். இரண்டையும் மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் காலை முதலில் ஏழுமலையின் பட்டறைக்குப் போனேன். கடைசி அத்தியாயத்தைக் குடியிருப்பில் படிக்கப் போவதாகச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"ஒங்கள நம்பித்தான சொன்னேன்?"

"அதனாலதான் உங்ககிட்ட சொல்லாம போகல. இன்னிக்கு சாயங்காலம் நான் படிக்கப் போறேன். எல்லாரும் இருக்கும்போது. குடியிருப்புக்கு வர்ற நர்ஸம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவங்க அஞ்சலை பக்கத்துலயே இருப்பாங்க."

"அவ கடல்ல எறங்கிட்டா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு ஏழுமலை. ஆனா அவங்க கேட்டுட்டாங்க" என்றேன்.

"நான் வரமாட்டேன்" என்று இஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தார் ஷீட் வெயிலில் காய்ந்து அந்தக் கொட்டகைக்குள் அனலாக இருந்தது. அதனால் வெளியே நிழல் விழுந்த பக்கம் பாய் விரித்தார்கள். பெண்கள் இருபது பேர் இருக்கலாம். நர்ஸம்மா அஞ்சலையை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். நான் படிக்கத் தொடங்கினேன். எனக்கு ஏழுமலை மாதிரி படிக்க வராது. பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது, தள்ளி ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏழுமலை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கயலி கரைக்கு வந்தாள் என்று படித்ததும் யாரோ ஒரு பெண் விசும்பினார். நான் நிறுத்தவில்லை. "அவள் பின்னால் ஊரார் எல்லோரும் கரை ஏறினார்கள்" என்ற வரிக்கு வந்தேன்.

"இருங்க" என்றார் அஞ்சலை. "கொழந்தைங்க?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். குழந்தைகள் என்ற சொல் அதில் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அங்கே இருந்த பலருக்குப் படிக்கத் தெரியாது. இல்லை என்று சொல்வதும் சரியில்லை. மறுபடியும் அந்த வரியிலேயே விரலை வைத்தேன்.

"எல்லாரும்னா கொழந்தைங்களும் சேத்திதான்."

ஏழுமலைதான். திரும்பாமலே சொன்னார். "மொத பாகத்துல திருவிழாவுக்கு ஊரார் எல்லோரும் வந்தாங்கன்னு ஒரு வரி வருது. அடுத்த பக்கத்துலயே புள்ளைங்க ஓடியாடுதுங்க. அவரு எழுத்து அப்படித்தான். ஊரார்னா அதுங்களும்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. பிறகு நான் எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. அஞ்சலை தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு கடலு இன்னா எடுத்துகிச்சி மாமா?"

ஏழுமலை இப்போது திரும்பினார். எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணும் எடுத்துக்கல."

"கயலிகிட்ட?"

"இல்ல."

"அந்த ராஜாகிட்ட? யாருகிட்டயும்?"

"யாருகிட்டயும் இல்ல அஞ்சல."

அஞ்சலை முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே தெரிந்த சவுக்கு மரங்களைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் கடல்.

"அப்ப அது வேற கடலு மாமா" என்றார்.

அதன் பிறகுதான் அழுதார். மகள் போன நாளிலிருந்து அவர் அழுது யாரும் பார்க்கவில்லை என்று அங்கிருந்த பெண்கள் பின்னால் என்னிடம் சொன்னார்கள். நர்ஸம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களும் அழுதார்கள். ஏழுமலை என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மீதி இருந்த இரண்டு பக்கத்தையும் தானே படித்து முடித்தார். அவருக்குப் பிடிக்காத அந்தப் பக்கங்களை ஒரு வார்த்தை விடாமல் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

அன்று நான் தூங்கவில்லை. காலையில் நூலகத்தைத் திறக்கப் போனால் ஏழுமலை படியில் உட்கார்ந்திருந்தார்.

"போனா மேடம்" என்றார். "நானும் கூடவே போனேன். கொஞ்ச நேரம் நின்னா. அப்பறம் வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே அவளா திரும்பி, நேரமாச்சி மாமா, ஏலம் ஆரம்பிச்சிடுவாங்கன்னு சொல்லி கூடைய எடுத்துகினு போயிட்டா."

அஞ்சலை கடற்கரைக்குப் போவது அதோடு நின்றுவிடவில்லை. அப்படி நின்றது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நிரந்தர வீடுகள் கட்டிக்கொடுத்து அவர்கள் குடிபோன பிறகும், சில நாட்களில் போய் நின்றுவிட்டு வருவார் என்று ஏழுமலை சொல்வார்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். அவர் உயிரோடு இருந்தார் என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. அன்று வேறு விதமாக நடந்திருந்தால் இன்று இதை உங்கள் முன் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். வேலையிலும் இருந்திருக்க மாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அஞ்சலையைக் கதை கேட்கிறவராக நினைக்கவில்லை. ஆபத்தில் இருக்கிறவராக மட்டும் நினைத்தோம். அவரோ வாசலில் உட்கார்ந்து முதல் இரண்டு பாகத்தையும் முழுவதுமாகக் கேட்டவர். எந்தச் சட்டம் உடைந்தது என்று ஏழுமலைக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரிந்திருந்தது. உங்களிடம் வந்து நிற்கும் ஒருவரைப் பார்த்து, இவர் இதைத் தாங்க மாட்டார் என்று தோன்றினால், அந்த எண்ணத்தை உடனே நம்பிவிடாதீர்கள். உடனே தள்ளிவிடவும் வேண்டாம். எழுந்து அவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். முடிந்தால் துணைக்கு இன்னும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏழுமலை அந்த எழுத்தாளரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர் பெயர் போட்ட புத்தகம் வந்தால் எடுக்க மாட்டார். ஆனால் மற்றவர்களின் மாயக் கதைகளைத் தேடி வருவது நிற்கவில்லை. அடுத்த வருடம் புதிதாக ஒரு நாவலின் முதல் பாகம் வந்தது. கட்டு பிரித்த அன்று ஏழுமலையோடு அஞ்சலையும் வந்தார். இரண்டு பேரும் குழாயில் கை கழுவினார்கள். புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அஞ்சலை என்னிடம் கேட்டார்.

"இதுல கடலு வருதா லைப்ரரிம்மா?"

"தெரியலம்மா. நான் இன்னும் படிக்கல."

"வந்தா வரட்டும். எத்தன பாகம்?"

ஏழுமலை பின்னட்டையைப் பார்த்தார். "நாலு பாகம்னு போட்டிருக்கு."

"நாலும் வர எத்தன வருசம் ஆவும்?"

"ஆவும், மூணு நாலு வருசம்."

"ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு, அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து, படிக்கச் சொல்லி ஏழுமலைக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.